வெறும் எண்ணாக இருந்த காலம்

ஆஸ்லோவில் உள்ள நார்வே கணக்கீட்டு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1960களில் சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கவுன்டரில் காத்திருக்கும் மனிதர்கள், சாலையில் ஓடும் வண்டிகள், ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும் சரக்கு என உலகில் நடப்பவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கென்றே பிறந்த மொழி அது. க்ளாஸ், ஆப்ஜெக்ட், ஒரு க்ளாஸின் பண்புகளை இன்னொன்று சுவீகரித்துக்கொள்வது என்று பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகளெல்லாம் சிமுலா 67இலேயே உருவம் பெற்றிருந்தன. ஜாவா, சி++, பைத்தான் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

அந்த மொழியில் மனிதருக்கு ஒரு க்ளாஸ் எழுதலாம், வண்டிக்கு எழுதலாம், வரிசைக்கும் எழுதலாம். வண்டி ஒரு நிலையத்தில் சற்று நேரம் நிற்க வேண்டுமென்றால் 'ஹோல்ட்' என்ற ஆணையைக் கொடுத்து, பக்கத்தில் 30 என்று எழுத வேண்டும். முப்பது நொடியா, நிமிடமா, நாளா? மொழிக்குத் தெரியாது, எழுதியவருக்கு மட்டுமே தெரியும். காலத்தை நடத்திக் காட்டுவதற்காகவே பிறந்த மொழி மற்ற எல்லாவற்றுக்கும் உருவம் கொடுத்தது. கால அளவை மட்டும் ஒரு தசம எண்ணாக விட்டுவிட்டது.

டாலையும் நைகார்டையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர்கள் நடத்திய உலகம் கணினிக்குள் மட்டும் இருந்தது. ஒரு நிரலுக்குள் ஓர் அலகு என்று முடிவு செய்துகொண்டால் வேலை நடந்துவிடும். ஆனால் பழக்கம் அங்கே நிற்கவில்லை. கணினி நிஜக் கடிகாரத்தோடு பேசத் தொடங்கிய பிறகும், ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் அழைக்கத் தொடங்கிய பிறகும், கால அளவு வெறும் எண்ணாகவே கைமாறிக்கொண்டிருந்தது.

யூனிக்ஸை எடுத்துக்கொள்வோம். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டின்படி, நேரம் என்பது ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குகளை எண்ணிய எண்ணிக்கை. மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கும் நாட்டில் அது இயல்பான அலகு. 32 பிட்டில் அப்படி எண்ணினால் இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது என்பதையும் அதே கையேடு குறிப்பிட்டிருந்தது. பிறகு அலகை நொடியாக மாற்றினார்கள், தொடக்கப் புள்ளியை 1970 ஜனவரி 1இல் வைத்தார்கள். அந்த 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பும் என்பதைத்தான் இப்போது உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. நினைவகம் தங்கத்தின் விலை விற்ற காலத்தில் எடுத்த முடிவு அது. நான் கவலைப்படுவது அதன் இன்னொரு விளைவைப் பற்றி. நேரத்தை எண்ணாக வைத்துக்கொள்ளும் சிக்கனம், கால அளவும் எண்தான் என்ற எண்ணத்தை மூன்று தலைமுறை நிரலாளர்களின் கையில் பதித்துவிட்டது. 'ஸ்லீப்' என்று அழைத்தால் யூனிக்ஸில் நொடி, விண்டோஸில் மில்லி நொடி. 'யூஸ்லீப்' என்றால் மைக்ரோ நொடி. பைத்தானில் ஸ்லீப் 5 என்று எழுதிப் பழகியவர் ஜாவாவுக்கு வந்து அதையே எழுதினால் ஐந்து நொடி ஐந்து மில்லி நொடியாகச் சுருங்கிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சந்தையில் போய் "ரெண்டு குடுங்க" என்றால் கிலோவா கட்டா என்று கடைக்காரராவது திருப்பிக் கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை.

இந்தப் பழக்கத்தின் விலை என்னவென்று பார்க்க 1991க்குப் போக வேண்டும். பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவுதி அரேபியாவின் தஹ்ரான். அங்கே நிறுத்தியிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நூறு மணி நேரமாக ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடியை ஒன்றாக எண்ணியது. அந்த எண்ணிக்கையை நொடியாக மாற்ற 0.1ஆல் பெருக்க வேண்டும். நம் பத்தடிமான எழுத்தில் ஒரே இலக்கமான 0.1, கணினியின் இரண்டடிமான எழுத்தில் முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் அதை வெட்டி வைத்ததால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நொடியில் கோடியில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பிழை சேர்ந்தது. நூறு மணி நேரத்தில் அது மூன்றில் ஒரு நொடியாகிவிட்டது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். வந்துகொண்டிருந்த ஏவுகணையை ரேடார் தவறான இடத்தில் தேடிவிட்டு, எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. படைவீரர்கள் தங்கியிருந்த முகாமில் அது விழுந்து 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

இந்தக் கதை பெரும்பாலும் தசமப் பிழையின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ராபர்ட் ஸ்கீல் என்ற கணிதவியலாளர் 1992இல் எழுதிய விளக்கத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஏவுகணையைத் தொடர்வதற்குத் தேவை இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம். இரண்டு நேரத்திலும் ஒரே பிழை இருந்திருந்தால் கழிக்கும்போது பெரும்பாலும் அது போயிருக்கும். முன்னதாக யாரோ நல்லெண்ணத்தோடு, நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றும் ஒரு துணை நிரலைச் சேர்த்திருந்தார்கள். அதை அழைக்க வேண்டிய எல்லா இடங்களிலும் அழைக்கவில்லை. ஆகவே ஒரு நேரம் திருத்தப்பட்டு வந்தது, இன்னொன்று திருத்தப்படாமல் வந்தது. பிழை வித்தியாசத்திலேயே தங்கிவிட்டது. சரிசெய்யப்பட்ட மென்பொருள் மறுநாள், பிப்ரவரி 26 அன்று தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

அது அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட பழைய அமைப்பு. அதை எழுதியவர்களுக்கு க்ளாஸ் என்ற வசதி இல்லை. ஆனாலும் ஒரு தரவும் அதை மாற்றும் முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வெளியிலிருந்து யாரும் உள்ளே கைவைக்கக் கூடாது என்று பொருள்நோக்கு நிரலாக்கம் ஏன் வற்புறுத்துகிறது என்று மாணவர்கள் கேட்டால், நாய், பூனை, விலங்கு என்ற வழக்கமான எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்ல வேண்டும். 'பத்தில் ஒரு நொடி' என்பது ஒரு வகையாகவும், அதை நொடியாக மாற்றும் வழி ஒன்றே ஒன்றாகவும் இருந்திருந்தால், திருத்தம் ஓர் இடத்தில் செய்யப்பட்டு எல்லா இடத்திலும் நடந்திருக்கும்.

எண்ணிக்கை நிரம்பி வழிந்த கதைகளும் உண்டு. 32 பிட்டில் மில்லி நொடிகளை எண்ணினால் 49.7 நாளில் நிரம்பும். விண்டோஸ் 95 அந்த நாளில் உறைந்து நின்றது. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் நின்றுபோகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. 248 நாள் என்பது நொடியின் நூறில் ஒரு பங்குகளை 31 பிட்டில் எண்ணும்போது கிடைக்கும் எல்லை.

வழி தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. 1983லேயே ஏடா மொழி வழி காட்டிவிட்டது. ழான் இஷ்பியாவின் குழு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக வடிவமைத்த அந்த மொழியில் கால அளவு என்பது மொழியோடு பிறந்த ஒரு தனி வகை. ஒரு தருணத்திலிருந்து இன்னொரு தருணத்தைக் கழித்தால் கால அளவு கிடைக்கும். தருணத்தோடு கால அளவைக் கூட்டினால் இன்னொரு தருணம் கிடைக்கும். தருணத்தோடு தருணத்தைக் கூட்ட முடியாது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அனுமதிக்காது. நேற்று மாலை ஆறு மணியையும் இன்று காலை எட்டு மணியையும் கூட்டினால் என்ன வரும் என்று எந்த மனிதரும் கேட்பதில்லை. கேட்க முடியாதபடி மொழியையே அமைத்துவிட்டார்கள். குறைந்தது 86,400 நொடியை, அதாவது ஒரு முழு நாளை, அந்த வகை தாங்க வேண்டும் என்றும் விதித்தார்கள். ராணுவத்திலும் விமானத்திலும் ரயிலிலும் அது வேலை செய்தது. அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வரவில்லை.

அங்கே வந்தது ஜாவா. எல்லாம் ஆப்ஜெக்ட் என்று அறிவித்துக்கொண்டு 1996இல் வெளியான மொழி, 'டேட்' என்ற ஒரு க்ளாஸைக் கொடுத்தது. அதில் ஆண்டு 1900இலிருந்து தொடங்கும், மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒருவரிடம் கொடுத்த தேதியை அவர் உள்ளிருந்தே மாற்றிவிட முடியும். மறு ஆண்டு வந்த 'காலண்டர்' சிக்கலைக் கூட்டியது. கால அளவுக்கு க்ளாஸே கிடையாது. இரண்டு தேதிகளின் மில்லி நொடிகளைக் கழித்து, ஆயிரத்தாலும் அறுபதாலும் இருபத்துநாலாலும் நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படி வகுத்துக்கொண்டிருந்தன. ஸ்டீபன் கோல்போர்ன் 2002இல் தொடங்கிய ஜோடா-டைம் என்ற இலவச நூலகம் அந்த இடைவெளியில் உலகத்தின் பாரத்தைச் சுமந்தது. அதன் அனுபவத்தை ஜாவாவுக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சி 2007இல் தொடங்கி, 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோதுதான் முடிந்தது. பொது அமைப்பில் எல்லோரும் ஏற்கும்படி ஒரு கருத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்ய அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது. இன்று அதைப் பயன்படுத்துபவர்கள் பலருக்குக் கோல்போர்னின் பெயர் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

க்ளாஸ் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2003இல் பைத்தான் 2.3இல் வந்த 'டைம்டெல்டா' உள்ளுக்குள் நாள், நொடி, மைக்ரோ நொடி என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு நேரங்களுக்கு இடையே 25 மணி நேரம் இருந்து, அதன் 'செகண்ட்ஸ்' எவ்வளவு என்று கேட்டால் 3,600 என்று பதில் வரும். ஒரு நாள் தனியாகப் போய்விட்டது, மிச்சம் ஒரு மணி நேரம். வித்தியாசம் கழித்தல் ஒரு நொடி என்றால் நிலைமை இன்னும் விசித்திரம்: கழித்தல் ஒரு நாள், கூட்டல் 86,399 நொடி என்று அது எழுதி வைத்திருக்கும். நொடியை மட்டும் கேட்டவருக்கு 86,399 கிடைக்கும். மொத்த நொடிகளைத் தரும் தனி முறை 2010இல் வந்த 2.7 பதிப்பில்தான் சேர்ந்தது. டாட்நெட்டின் 'டைம்ஸ்பான்' வகையிலும் இதே கண்ணி உண்டு. 90 நொடியை வைத்துக்கொண்டு 'செகண்ட்ஸ்' கேட்டால் 30, 'டோட்டல்செகண்ட்ஸ்' கேட்டால் 90. இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவசரத்தில் கை எதில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோதனையில் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் பிழை வெளியே தெரியாது. பாரம் ஏறி வேலை தாமதமாகும் இரவில்தான் தெரியும்.

இந்த வரலாற்றில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது சி++இன் 'க்ரோனோ' நூலகம். ஹோவர்ட் ஹின்னன்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் முன்மொழிந்து 2011 தரநிலையில் சேர்ந்தது அது. அதில் அலகு என்பது வகையின் உள்ளேயே இருக்கிறது. மணியை நொடியாகவும் நொடியை மில்லி நொடியாகவும் கேட்காமலேயே மாற்றித் தரும், ஏனென்றால் எதுவும் தொலையாது. மில்லி நொடியை நொடியாக்கினால் மீதி தொலையும். ஆகவே வெளிப்படையாகச் சொன்னால்தான் கம்பைலர் விடும். இதற்கெல்லாம் ஓடும் நேரத்தில் கூடுதல் செலவும் இல்லை. மொழிபெயர்க்கும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது, கடைசியில் மிஞ்சுவது பழைய அதே ஒற்றை எண். 'ஆப்ஜெக்ட் என்றால் செலவு அதிகம், எண் போதும்' என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சமாதானம் அன்றோடு காலாவதியாகிவிட்டது. சி++ஐ உருவாக்கிய ஸ்ட்ராவுஸ்ட்ரப், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது சிமுலாவில் நிரல் எழுதியவர். சிமுலாவிலிருந்து வந்த அந்தக் கிளையில் கால அளவு தனக்கென ஒரு வகையைப் பெற 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய மொழிகள் இந்தப் பாடத்தை முழுதாகக் கற்றுவிட்டன என்றும் சொல்ல முடியவில்லை. கோ மொழியில் கால அளவுக்குத் தனி வகை இருக்கிறது, உள்ளே நானோ நொடிகள். ஆனால் ஸ்லீப் 30 என்று வெறுமனே எழுதினாலும் அது ஏற்றுக்கொண்டு 30 நானோ நொடி தூங்கி எழுந்துவிடும்.

அதே மொழியோடு சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சி. 2016 டிசம்பர் 31 முடியும்போது உலக நேரத்தில் ஒரு நொடி கூடுதலாகச் செருகப்பட்டது. பூமியின் சுழற்சிக்கும் அணுக் கடிகாரத்துக்கும் ஒத்துவரச் செய்ய 1972 முதல் இப்படி 27 நொடிகள் சேர்த்திருக்கிறார்கள். அந்த நள்ளிரவில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சில சேவைகள் விழுந்தன. ஒரு வேலை தொடங்கிய நேரத்தை முடிந்த நேரத்திலிருந்து கழித்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று நிரல் கணக்கிட்டது. கடிகாரம் ஒரு நொடி பின்னே போய்விட்டதால் விடை எதிர்மறையாக வந்தது. அதை வாங்கிக்கொண்ட அடுத்த நிரல் எதிர்மறை எண்ணை ஏற்காமல் நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரம் வேறு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கும் கருவி வேறு என்ற பாகுபாட்டை ஏடா 1995இலேயே தன் தரநிலையில் எழுதிவைத்திருந்தது. கோ மொழி 2017 ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பில் அதைச் சேர்த்தது. ஓடும் பந்தய வீரருக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கணினிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க இத்தனை காலம் ஆயிற்று.

இதுவரை சொன்னது ஒருவகைக் கால அளவு, நொடிகளால் ஆனது. மனிதர்கள் வாழ்வது பெரும்பாலும் இன்னொரு வகையில்: நாள், வாரம், மாதம், ஆண்டு. இரண்டையும் ஜோடா-டைம் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்தது, ஜாவா 8 அதைத் தொடர்ந்தது. நொடிகளால் ஆனது 'ட்யூரேஷன்', நாட்காட்டியால் ஆனது 'பீரியட்'. இந்தியாவில் வளர்ந்த நிரலாளர்களுக்கு இந்தப் பிரிவு தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றும். நம் கடிகாரம் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று மாறுவதில்லை. ஒரு நாள் என்றால் 24 மணி நேரம்தான். பாக் நீரிணையைத் தாண்டினாலே இது உடைந்துவிடும். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே கொண்டுவந்தது. 2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு, மீதி அரை மணியையும் குறைத்துப் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால், ஒரே தீவுக்குள் சாவடியைத் தாண்டினால் கடிகாரம் மாறும் நிலை பத்தாண்டு நீடித்தது. 2006 ஏப்ரல் 14 நண்பகல் 12 மணியோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால் கொழும்பில் மறுநாள் காலை 11.30. ஒரு நாளைக் கூட்டினால் மறுநாள் நண்பகல் 12. இரண்டும் சரியான விடைகள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய மருந்துக்கு முதலாவது வேண்டும், தினமும் நண்பகலில் கூடும் கூட்டத்துக்கு இரண்டாவது வேண்டும். எது வேண்டும் என்று எழுதுபவர் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்ல மொழியில் இரண்டு வகை இருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைக் கணினிக்கு முன்பே அறிந்தவை. இந்தியாவின் 1897ஆம் ஆண்டு பொது வாசகச் சட்டம், மாதம் என்றால் ஆங்கில நாட்காட்டி மாதம் என்று வரையறுத்திருக்கிறது. 2010இல் இமாச்சலப் பிரதேச அரசுக்கும் இமாச்சல் டெக்னோ எஞ்சினியர்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனு செய்ய மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் முப்பது நாள் என்று சட்டம் அவகாசம் தருகிறது. மூன்று மாதத்தைத் தொண்ணூறு நாளாக எண்ணியது தவறு, முப்பது நாளை ஒரு மாதமாக எண்ணுவதும் தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஒரே வாக்கியத்தில் சட்டம் 'மாதம்', 'நாள்' என்று இரண்டு அளவையும் வைத்திருக்கும்போது ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. சட்டம் படித்தவர்கள் தாளில் செய்த வகைப் பிரிப்பு இது. கம்பைலர் செய்வதும் இதையேதான். காலக்கெடு கணக்கிடும் மென்பொருளை இன்று எழுதுபவர், மூன்று மாதத்துக்கு 90 பெருக்கல் 86,400 நொடி என்று போட்டுவிட்டால், ஒருவருடைய மனு தள்ளுபடி ஆகலாம். அவர் கணினியோடு வாதாட முடியாது.

மாதத்தில் இன்னும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. ஜனவரி 31ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டினால் என்ன தேதி? ஜாவா பிப்ரவரி 28 என்று சொல்லும், லீப் ஆண்டானால் 29. அதோடு இன்னொரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28 வரும்; முதலிலேயே இரண்டு மாதத்தைச் சேர்த்துக் கூட்டியிருந்தால் மார்ச் 31 வந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் பழைய 'டேட்' க்ளாஸில் மாதத்தை ஒன்று ஏற்றினால், இல்லாத பிப்ரவரி 31 வழிந்து, லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 3இல் போய் நிற்கும். சி++ 2020 தரநிலை வேறு வழி எடுத்தது. பிப்ரவரி 31 என்ற தேதியை அப்படியே கையில் கொடுத்து, இது செல்லாத தேதி, என்ன செய்யலாம் என்று முடிவெடுங்கள் என்கிறது. முப்பத்தொன்றாம் தேதி கடன் வாங்கியவரின் பிப்ரவரித் தவணை எந்த நாள் என்பதை அந்த மொழி தானாகத் தீர்மானிக்க மறுக்கிறது. கடன் பத்திரத்தில் அதற்கு ஒரு வரி இருந்தால் நிரலாளர் அதைப் பார்த்து எழுதலாம். இல்லாவிட்டால் எழுந்து போய் வங்கிக்காரரைத்தான் கேட்க வேண்டும்.